புடி என்று காதில் விழுந்தது

நஞ்சன்கூட்டில் இறங்கியிருக்க வேண்டிய என் வீட்டுக்காரர் சாமராஜநகர் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறார் என்று ஒரு கண்டக்டர் எனக்குப் போன் செய்தார். குடித்துவிட்டாரோ என்று நான் நினைப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார். குடிக்கவில்லையாம், மயக்கமும் இல்லையாம், முன் சீட்டுக் கம்பியைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லையாம். டிரைவரும் அவருமாக இழுத்துப் பார்த்துவிட்டார்கள். வண்டி மைசூருக்குத் திரும்ப நேரமாகிவிட்டது, அப்படியே உட்கார வைத்துக் கூட்டி வருகிறோம், நீங்கள் வந்து நில்லுங்கள் அம்மா என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் ஒரு பெண்கள் ஹாஸ்டல் சமையல்கட்டில் வேலை செய்கிறவள். அப்போது ராகி உருண்டை உருட்டிக்கொண்டிருந்தேன். மாவுக் கையோடு ஓடிப்போய் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். ஒன்றரை மணி நேரம். மாதேஸ்வரனில் தொடங்கி நான் கும்பிடாத சாமி இல்லை. வண்டி வந்தது. ஜன்னலோரத்தில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி, கண்ணையும் அந்தக் கம்பியிலேயே வைத்து உட்கார்ந்திருந்தார். நான் சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். சுண்டுவிரலில்தான் ஆரம்பிக்க வேண்டும், கட்டைவிரலைத் தொட்டால் இன்னும் இறுக்கிவிடுவார். வீட்டுக் குழாயிலிருந்தும் கதவுத் தாழ்ப்பாளிலிருந்தும் என் மணிக்கட்டிலிருந்தும் அவர் விரல்களைப் பிரித்துப் பிரித்து எனக்கு அதற்குள் நல்ல பழக்கம்.

கல்யாணத்தன்று இந்தக் கை என் கையைப் பிடித்தபோது இந்தப் பிடி இல்லை. சூடான டம்ளரைத் தொடுவதுபோல் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டது. அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவேன்.

அவர் பெயர் ஜடையன். வயது அறுபத்தொன்று. என் பெயர் கனகா. இருவருக்கும் ஊர் கௌதள்ளி. கல்யாணமான அடுத்த வருடமே பிழைக்க மைசூருக்கு வந்து கெசரேயில் குடியேறினோம். மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்ததும் இங்கேதான். அவருக்குக் கப்பி வேலை. கட்டடத்தின் உச்சியில் கப்பியை மாட்டி, கயிற்றில் சாமானைக் கட்டிக் கீழே நின்று மேலே ஏற்றுவது. கம்பி, கருங்கல், கதவு, ஜன்னல் எதுவானாலும் சரி. முப்பத்தைந்து வருடத்தில் ஒரு செங்கல் கீழே விழுந்ததில்லை என்று மேஸ்திரிகள் சொல்லுவார்கள். கயிறு ஜடையண்ணன் கையில் இருக்கிறதா, அப்படியானால் நாம் டீ குடிக்கப் போகலாம் என்பார்களாம்.

இனி அந்த வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். பேச்சுத் தமிழில் பிடி என்பதை நாங்கள் புடி என்போம். மைசூர்ப் பக்கத்து நாட்டுக் கன்னடத்திலும் ஒரு புடி இருக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. வாயில்தான் வித்தியாசம். பல் என்று சொல்லும்போது வருகிற ப போட்டால் தமிழ். பயம் என்று சொல்லும்போது வருகிற ப போட்டால் கன்னடம். தமிழ்ப் புடிக்குப் பிடித்துக்கொள் என்று அர்த்தம். கன்னடப் புடிக்கு விட்டுவிடுங்கள் என்று அர்த்தம்.

மூன்று வருடத்துக்கு முந்தைய பங்குனி மாதம், மைசூர் விஜயநகரில் ஒரு நான்கு மாடிக் கட்டடம். மூன்றாவது மாடிக்கு இரும்பு ஜன்னல் ஏறிக்கொண்டிருந்தது. கீழே தூணில் ஒரு சுற்றுச் சுற்றிக் கயிற்றைப் பிடித்திருந்தவர் இவர். மூன்றாவது மாடி விளிம்பில் குனிந்து ஜன்னலை உள்ளே இழுக்க நின்றவர் சீனிவாசன், எங்கள் ஊர்க்காரர், கொத்தனார், இவருக்கு இருபது வருட சிநேகிதர். மொட்டை மாடியிலிருந்து பார்த்துக் குரல் கொடுத்தவன் மதன். முப்பது வயது தாண்டியவன். அப்பா அம்மா தமிழ்தான், ஆனால் மைசூரிலேயே பிறந்தவன், கன்னடம்தான் முதலில் வாயில் வரும். பக்கத்தில் கான்கிரீட் கலக்குகிற மெஷின் இரைந்துகொண்டிருந்தது. மேலேயிருந்து புடி என்று குரல் வந்தது.

மதன் மரியாதை தெரிந்தவன். இவரிடம் தமிழில் பேசினால் 'ங்' போடாமல் பேசமாட்டான். புடிக்கச் சொல்வதானால் 'புடிங்' என்றுதான் சொல்லுவான். மொட்டையாகப் 'புடி' என்று அவன் வாயிலிருந்து இவர் கேட்டதே இல்லை. கன்னடத்திலோ அந்தப் புடியே மரியாதைச் சொல்தான். ஆகவே பையன் கன்னடத்தில் சொல்கிறான், ஜன்னல் உள்ளே போய்விட்டது, கயிற்றை விடச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார். தூணில் இருந்த சுற்றை அவிழ்த்துக் கையை விட்டார். ஜன்னல் உள்ளே போகவில்லை. சீனிவாசனின் ஒரு கை அதன் கம்பிக்குள் மாட்டியிருந்தது. இரண்டும் சேர்ந்து விழுந்தன.

சீனிவாசன் மூன்று நாள் உயிரோடு இருந்தார். முதல் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில், என் வீட்டுக்காரர் நடந்ததை ஒன்றுவிடாமல் என்னிடம் சொன்னார். போலீஸ்காரர் வந்துகொண்டிருந்தார். ஜெயில், கோர்ட், மகளின் மாமியார் வீடு எல்லாம் ஒரே சமயத்தில் கண்ணில் வந்தன. நான் அவர் காதில் சொன்னேன்:

"கயிறு வழுக்கிப்போச்சுன்னு சொல்லுங். வேற ஒரு பேச்சும் வேண்டாமுங்."

அப்படியே சொன்னார். கன்ட்ராக்டருக்கும் அதுவே சவுகரியமாக இருந்தது. கயிறு வழுக்கியது என்றே எழுதிக்கொண்டார்கள். அவர் வாயை அடைத்தது வேறு யாரும் இல்லை, நான்தான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பொய்யாகிவிடும்.

துக்கத்துக்கு வந்தவர்கள் செய்ததுதான் கொடுமை. மைசூரில் யாராவது மனம் உடைந்து உட்கார்ந்திருந்தால் தோளில் கை வைத்து, 'புடி அண்ணா, ஏன் மாடக்காய்த்ததெ' என்பார்கள். விடுங்கள் அண்ணா, என்ன செய்ய முடியும் என்று ஆறுதல். நல்ல மனதோடு சொல்கிற வார்த்தை. வந்தவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து, பயத்தின் ப போட்டு, புடி, புடி என்றார்கள். ஒவ்வொரு தடவையும் இவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. பாவம், எவ்வளவு துக்கம் பார் என்று மேலும் இரண்டு தடவை சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவர் கயிற்றைத் தொடவில்லை. மற்றதையெல்லாம் தொட்டார், தொட்டதை விடவில்லை. ஒருமுறை விட்ட கை, இனி எதையும் விடமாட்டேன் என்று சபதம் எடுத்ததுபோல் ஆகிவிட்டது. குழாயைத் திறந்து பிடித்தவர் குடம் நிரம்பித் தண்ணீர் வாசல்வரை ஓடும்வரை பிடித்திருந்தார். தட்டு விழுந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டார். தசராவுக்கு முன் யானைகளுக்கு வெடிச்சத்தம் பழக்கப் பீரங்கி வெடிப்பார்களே, கெசரே வரைக்கும் மெல்லத்தான் கேட்கும், அதற்கே குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். யானைக்கே பழக்கிவிடுகிறார்கள், உங்களுக்கு என்ன கேடு என்று நான் கதவைத் தட்டிக் கத்தினேன். உள்ளே சத்தமே இல்லை. கத்தியதும் பயம் வந்துவிட்டது. உள்ளே என்ன செய்கிறாரோ என்று தெரியாமல் கதவடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வருடம் முழுக்க நான் வேலைக்குப் போனதெல்லாம், திரும்பி வரும்போது இருப்பாரா மாட்டாரா என்ற பயத்தோடுதான்.

அந்தப் பஸ் விஷயம் நடந்த மறுநாள் பெரியாஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, பேசுவதற்கு ஸுஷ்மா என்ற பெண்ணிடம் அனுப்பினார். மேலுகோட்டை ஐயங்கார் வீட்டுப் பெண். அவள் வீட்டில் பேசுகிற தமிழ் எங்களுக்குப் பாதி புரிந்தது, எங்கள் தமிழ் அவளுக்கு முக்கால் புரிந்தது. மீதியைக் கன்னடத்தில் ஒட்டுப்போட்டுக்கொண்டோம். ஆனால் இரண்டு புடியும் அவளுக்கு உடனே புரிந்தது. கன்னடம் மட்டும் தெரிந்தவளாக இருந்தால் அரைநாள் விளக்கியிருக்க வேண்டும்.

கை இப்படி ஆனது எந்த நாளிலிருந்து என்று கேட்டாள். விழுந்த அன்றிலிருந்து என்று நான் சொல்ல வாயெடுத்தேன். இல்லை என்று அவர் தலையாட்டினார். போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போது கைப்பிடிக் கம்பியைத் தொட்டதுதான் முதல் தடவையாம். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஸுஷ்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

வீட்டில் செய்ய அவள் ஒரு வேலை கொடுத்தாள். ஒரு முழம் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்ட வேண்டும். நான் 'புடிங்' என்றால் அவர் பிடிக்க வேண்டும், 'விடுங்' என்றால் விட வேண்டும். தினம் பத்துத் தடவை. முதல் நாள் கயிற்றைப் பார்த்ததும் வாந்தி எடுத்தார். ஒரு வாரம் பிடித்தார், விடவில்லை, நான் சுண்டுவிரலில் ஆரம்பித்தேன். மூன்றாவது மாதம் ஒருநாள் 'விடுங்' என்றதும் விட்டார். விட்ட கையைத் தூக்கி இப்படியும் அப்படியும் பார்த்தார். நான் உள்ளே போய் அழுதுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி காப்பி போட்டேன். கன்னட வார்த்தையை மட்டும் நாங்கள் இருவரும் தொடவில்லை. ஸுஷ்மா அதையும் சொல்லிப் பழகுங்கள் என்றாள். எனக்கே அது நாக்கில் வரவில்லை.

இந்த நிலையில்தான் எங்கள் தெருக்கோடியில் வீடு கட்ட ஆரம்பித்தார்கள். பீகார் ஆட்கள், நம் ஊர் ஆட்கள், தெலுங்கு மேஸ்திரி, எல்லாம் கலந்த கூட்டம். ஒரு காலையில் கம்பிக் கட்டு கயிற்றில் ஏறிக்கொண்டிருந்தது. மேலே ஒருவன் ஏதோ கத்தினான். கீழே இருந்தவனுக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரர் ஓடினார். நேராக, தொங்குகிற கம்பிக் கட்டுக்கு அடியிலேயே ஓடினார். அவர் கயிற்றைப் பிடித்திருந்தவன் கையோடு தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். சாமான் பத்திரமாக இறங்கும்வரை நின்றார். பிறகு நானே போய் விரலைப் பிரித்தேன், அந்தப் பையனின் விரலையும் சேர்த்து.

மறுநாள் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போய் ஒரு விசில் வாங்கி வந்து மேஸ்திரியிடம் கொடுத்தார். ஒன்று ஊதினால் பிடி, இரண்டு ஊதினால் விடு, வாயால் யாரும் பேசவே கூடாது என்றார். மேஸ்திரி வாங்கிக்கொண்டு, உமக்கு என்னய்யா இதில் இவ்வளவு அக்கறை, என்ன நடந்தது என்று சாதாரணமாகத்தான் கேட்டான். இவர் அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, என்னிடம் சொன்னார்:

"கௌரம்மாகிட்டச் சொல்லோணும், கனகா."

கௌரம்மா சீனிவாசனின் மனைவி. எனக்கு மூன்று வருடப் பயமும் ஒன்றாகத் திரும்பி வந்தது. அவள் போலீசுக்குப் போனால்? ஊரில் ஆள் திரட்டிக்கொண்டு வந்தால்? செத்தவர் வரப்போவதில்லை, இருக்கிறவரையும் பறிகொடுக்கச் சொல்கிறீர்களா என்று சண்டை போட்டேன். வாய்ச் சண்டையில் எப்போதும் ஜெயிப்பது நான்தான். அன்றைக்கு அவர் சண்டையே போடவில்லை, கிளம்பினார். நான் செருப்பை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். வெறுங்காலோடு வாசல் தாண்டிப் போய்விட்டார். சித்திரை வெயில். நான் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வேறு என்ன செய்வது.

கும்பாரகொப்பலில் ஒரு வீட்டு மாடியில் கௌரம்மா இருந்தாள். வெளிப்பக்கம் இரும்புப் படிக்கட்டு. ஏறும்போது அவர் கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் ஏறினார், தொட்டால் பாதியிலேயே நின்றுவிடுவோம் என்று அவருக்கே தெரியும். அவள் ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். காதில் விழுந்தது, எடுத்துக்கொண்டது, அவிழ்த்தது, விட்டது. வழுக்கவில்லை, நான்தான் விட்டேன் என்றார். வழுக்கியது என்று சொல்லச் சொன்னது நான் என்று நானும் சொன்னேன்.

கௌரம்மா கையை நிறுத்தவில்லை. இன்னும் நாலு பத்தி உருட்டினாள். பிறகு, போன தீபாவளிக்கு மதன் வந்தான் என்றாள். இதே இடத்தில் நின்று அழுதானாம். ஜடையண்ணன் மேல் தப்பில்லை, சாமான் உள்ளே வந்துவிட்டது என்று நினைத்துக் கன்னடத்தில் விடச் சொல்லிக் கத்தியது நான்தான் என்றானாம்.

என் வீட்டுக்காரர், அவன் பொய் சொல்கிறான், அவன் பிடிக்கத்தான் சொன்னான் என்றார். கௌரம்மா அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"ரெண்டு பேரும் உங்க பாரத்தைக் கொண்டாந்து எங்கிட்ட எறக்கி வெச்சுட்டுப் போறீங். நா யாருகிட்ட எறக்கறதுங்?"

அவள் திட்டியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், வாங்கிக்கொண்டு வந்திருப்போம். அவள் மறுபடி பத்தி உருட்ட ஆரம்பித்தாள். நாங்கள் கிளம்பும்போது, தலையை நிமிர்த்தாமலே, மதன் இந்தப் படியில் நடந்து இறங்கவில்லை என்றாள். குழந்தை மாதிரி ஒவ்வொரு படியாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு இறங்கினானாம். மூன்றாவது தெருவில் மாவு மில்லில் இருக்கிறான், என்னைப் பார்க்க வந்தவர்கள் யாரும் அவனைப் போய்ப் பார்க்கவில்லை என்றாள்.

படி இறங்கும்போது என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார். நான் கையைப் பார்த்தேன், கம்பியில் இல்லை. நாலு மாடி ஏறிக் கிளிபோல உட்கார்ந்து பாடுவானே அந்தப் பையன் என்றார். அவர் குரலில் பயம் இருந்தது. ஆனால் மூன்று வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த பயம் இல்லை அது. முதல் தடவையாக இன்னொருவனுக்காகப் பயந்தார்.

மதன் மில் வாசலில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தான். மாவு படிந்து தலை நரைத்த மாதிரி இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, ஓடுவதற்கு இடம் தேடுகிறவன்போல் உள்ளே பார்த்தான். மெஷின் இரைச்சல். இவர் கிட்டே போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த இரைச்சலில், அந்தப் பிடியில், இருவரும் மறுபடி அந்தப் பங்குனிக்கே போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

மில்லுக்காரர் மெஷினை நிறுத்தினார். நீ பிடிக்கத்தான் சொன்னாய், நான்தான் தப்பாகக் கேட்டேன் என்றார் இவர். இல்லை, நான் விடத்தான் சொன்னேன் என்றான் அவன். இப்படி நாலு தடவை. செய்த தப்பை ஒருவர் மேல் ஒருவர் போடுகிற சண்டை எனக்குத் தெரியும், தப்பை இப்படி இழுத்துப் பறித்துக்கொள்கிற சண்டையை அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில் மதன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன சொன்னேன்னு எனக்கே தெரியலைங்ண்ணா. எந்தப் பாஷைன்னும் தெரியலை."

பிடித்த மணிக்கட்டை விடாமல் அவரும் அவனோடு உட்கார்ந்தார். அவர் உதடு அழுந்துவதைப் பார்த்தேன். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது, வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். மூன்று வருடமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை.

"புடப்பா," என்றார். "புடு."

விட்டுவிடப்பா, விடு. பயத்தின் ப சுத்தமாக விழுந்தது. அவர் உடம்பு ஒருதரம் தூக்கிப் போட்டது, பிறகு அடங்கியது. மதன் மற்றக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இவர் திரும்பத் திரும்ப அதையே சொன்னார், துக்கத்துக்கு வந்தவர்கள் சொல்வார்களே, அந்த மாதிரி.

வாய் கன்னடத்தில் விடச் சொல்லிக்கொண்டே இருந்தது, கை தமிழில் பிடித்துக்கொண்டே இருந்தது. நான் அந்த விரல்களைப் பிரிக்கப் போகவில்லை.